இரண்டு கறுப்புக் கோடுகள்

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கண்ணாடித் துண்டு அது. நேராகப் பார்த்தால் மூச்சுப் பட்டு மங்கிய ஜன்னல் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் சாய்த்தால் போதும், சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக நிறங்கள் அதன் மேல் ஓடும். மலாக்கா பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் சோதித்துக் கொடுக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அதைச் சிகரெட் டின் ஒன்றில் பஞ்சு மெத்தைக்குள் வைத்திருந்தார். அவரை எல்லோரும் லேப் ஐயா என்போம். அந்தக் கண்ணாடியைப் பார்த்தவர்கள் அழகு என்றுதான் சொன்னார்கள். என்னால் அதை அப்படிப் பார்க்க முடிந்ததில்லை. ஒரு மழை நாள் பிற்பகலில் ஒரு பெண்ணின் உயிர் அந்தக் கண்ணாடியை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கவிட்டவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் டுரியான் துங்காலுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெசராக, அதாவது மருந்து கொடுக்கும் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் மலேரியாவுக்கும் கால்புண்ணுக்கும் பிரசவத்துக்கும் நானே எல்லாம். இருபத்தாறு வயதில் அப்படி ஒரு அதிகாரம் கிடைத்தவனுக்குத் தலை கனக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனக்கு நன்றாகவே கனத்தது. நான் ஒரு சீட்டு எழுதினால் அதைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை படிப்பார், போலீஸ் படிக்கும் என்ற நினைப்பில் கையெழுத்தைக்கூட வளைத்து வளைத்துப் போடுவேன்.

அடைமழைக் காலம். தோட்டத்தில் புகைவீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் மதியம் செத்துக் கிடந்தார். ரப்பர் பாலை உறைய வைத்துத் தாள்களாக அழுத்தி, அந்த வீட்டுக்குள் மூங்கில் கழிகளில் தொங்கவிடுவார்கள். கீழே குழியில் விறகு இரவும் பகலும் கனன்றுகொண்டிருக்கும். அவர் கதவுக்கு வெளியே, சேற்றில் குப்புற விழுந்திருந்தார். பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தார். அதில் கஞ்சிப் பருக்கை தெரிந்தது. இரண்டு அடி தள்ளி அவருடைய மனைவி காலையில் கொண்டுவந்து வைத்த கஞ்சி டின் சாய்ந்து கிடந்தது. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். தேய்ந்து போன சிவப்புச் சாயத்தில் ஒரு மண்டை ஓடும் இரண்டு எலும்பும் தெரிந்தன.

லாலாங் புல்லைச் சாகடிக்க அடிக்கும் மருந்து வந்த டின் அது. பாஷாணம் கலந்த மருந்து. வேலை முடிந்ததும் டின்களை ஸ்டோருக்குப் பின்னால் போடுவார்கள். கூலிக்காரர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் அவற்றை எடுத்துப் போய்ச் சாம்பலும் புளியும் போட்டு நாலு நாள் தேய்த்து, கம்பியால் கைப்பிடி மாட்டிக்கொள்வார்கள். கஞ்சிக்கும் தண்ணீருக்கும் அதைவிட வசதியான பாத்திரம் அந்தக் காலத்தில் கூலிக்காரர் வீட்டில் ஏது? இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தினமும் பார்த்ததுதான். ஆனாலும் செத்தவர் பக்கத்தில் அதே டின்னைப் பார்த்த மாத்திரத்தில், கொலைகாரியையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டதுபோல எனக்குப் பட்டது.

முந்தின நாள் சாயங்காலம் புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டுக்கொண்டது லயம் முழுக்கக் கேட்டிருந்தது. அவர் கள்ளுக்கடையிலிருந்து வந்து அடித்தார், அவள் “நீ செத்தாத்தான் எனக்கு நிம்மதி” என்று கத்தினாள். வேலையை மேற்பார்க்கும் தண்டல் அதைச் சொன்னார், கங்காணியும் சொன்னார், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தலையை ஆட்டினார். எனக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. புல்லு மருந்து கொடுக்கப்பட்டு இறந்ததாகச் சந்தேகம் என்று எழுதி, வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டேன். மை காயும் முன்பே அது துரை கைக்குப் போய்விட்டது.

போலீஸ்காரர்கள் வந்தபோது அவள் அழவில்லை. இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். அந்தக் கஞ்சியில் பாதியைத் தானும் பிள்ளையும் குடித்ததாகச் சொன்னாள். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லி என்னைக் கெஞ்சினாள். எழுதின சீட்டைத் திருத்தினால் என் மதிப்பு என்ன ஆவது? பட்டணத்தில் சொல்லிக்கொள் என்றேன். பிள்ளையோடு அவளை லாரியில் ஏற்றினார்கள். புருஷனின் உடலும் அதே லாரியில்தான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

மறுநாள் காலையில் குளிக்கப் போனேன். தொட்டியில் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றி, வாயையும் கொப்பளித்துவிட்டுக் கையில் இருந்த தகர வாளியைக் கீழே வைத்தபோதுதான் அதன் அடியில் இருந்த சிவப்புச் சாயத்தைப் பார்த்தேன். அதே மண்டை ஓடு. ஒரு வருஷமாக அதில்தான் நான் குளிக்கிறேன், பல் துலக்குகிறேன். என் நோயாளிகளுக்கு மாத்திரை விழுங்கத் தண்ணீரும் அதில்தான் மொண்டு கொடுக்கிறேன். டின் கொல்லும் என்றால் அந்தத் தோட்டத்தில் முதலில் சாக வேண்டியவன் நான்தான். ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குளிரினால் நடுங்குகிறேன் என்று கொஞ்ச நேரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அது பயம். நான் ஒருத்தியைத் தூக்குக்கு அனுப்பியிருக்கிறேன் என்ற பயம்.

வேட்டியைச் சுற்றிக்கொண்டு புகைவீட்டுக்கு ஓடினேன். அன்றுவரை அதற்குள் நான் கால் வைத்ததில்லை, கண் எரியும் என்று. கூரைக்குக் கீழே புகை வெளியேற நான்கு திறப்புகள் இருக்க வேண்டும். நான்கிலும் கோணிச்சாக்கு அடைத்திருந்தது. மழையில் தாள் காயவில்லை, பூஞ்சணம் பிடிக்கிறது என்று மேலிடத்திலிருந்து தொல்லை. சூடு வெளியே போகாமல் இருக்கச் செத்தவரே அடைத்திருக்கிறார். குழியில் ஈர விறகு மூச்சு முட்டிக் கனன்றுகொண்டிருந்தது. தாள்களை எண்ணுகிறவன்போல இரண்டு வரிசை நடந்திருப்பேன். நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடித்தது. முழங்கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல மடங்கியது. எப்படி வெளியே விழுந்தேன் என்று தெரியாது. சேற்றில் கிடந்து வாந்தி எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அவர் விழுந்து கிடந்த அதே இடத்தில் அதே மாதிரி கிடக்கிறேன் என்று தெரிந்தது.

காற்றுப் போதாமல் எரியும் நெருப்பில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும், நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தைப் பிடித்துக்கொண்டால் விடாது என்று படிப்புக் காலத்தில் ஒரு வரி மனப்பாடம் செய்திருக்கிறேன். பரீட்சைக்குப் பிறகு அந்த வரி எனக்குத் தேவைப்படவில்லை. கிராணியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எழுதினதை எழுதினபடி விட்டுவிடும்படி புத்தி சொன்னார். துரையின் புகைவீடு ஆளைக் கொன்றது என்று சொன்னால் உன் வேலை என்ன ஆகும் என்று கேட்டார். நான் சைக்கிளை எடுத்தேன்.

பட்டணம் போய்ச் சேரும்வரை மழை விடவில்லை. வழி நெடுக ஒரே கணக்குத்தான் மனதில். செத்தவர் வயிற்றிலிருந்து எடுத்ததும் கஞ்சி டின்னும் சிங்கப்பூருக்குச் சோதனைக்குப் போகும். பதில் வரப் பல வாரம் ஆகும். வரும்போது டின்னில் பாஷாணம் இருக்கிறது என்றுதான் வரும். எப்படித் தேய்த்தாலும் தகர மடிப்பில் கொஞ்சமாவது ஒட்டியிருக்காதா, அதில் ஊற்றிய கஞ்சியிலும் கலந்திருக்காதா? சண்டை, டின், என் கையெழுத்து. மூன்றும் போதும்.

லேப் ஐயா என் வயதுக்காரர்தான். ஒல்லி உடம்பு, எதற்கெடுத்தாலும் பயம். இடி இடித்தால் மேசையை விட்டு விலகி நிற்பார், நாயைக் கண்டால் அடுத்த தெருவால் போவார், வெள்ளைக்கார டாக்டரிடம் பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவார். ஆனால் அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்தால் மட்டும் அவர் கை ஆடாது. சீமையிலிருந்து தபாலில் வரவழைத்தது. அட்டைக் குழாய் ஒன்றின் ஒரு முனையில் அதைப் பொருத்தி, மறுமுனையில் சவர பிளேடை இரண்டாக உடைத்து மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டியிருந்தார். இடைவெளி வழியே ஒளி நுழையும். கண்ணாடிப் பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். இரு பக்கமும் வானவில்லை நீட்டி விரித்ததுபோல நிறங்கள் தெரியும்.

நான் சொட்டச் சொட்ட நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என்னை அவர் திட்டவில்லை. முகம் வெளுத்துவிட்டது. செத்தவரின் ரத்தம் ஒரு சீசாவில் டாக்டரின் அலமாரியில் இருப்பதாகச் சொன்னார். புகையால் செத்தாரா என்று அதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்றார். டாக்டரைக் கேட்காமல் எடுப்பதா, கேட்டு எடுப்பதா என்று அறைக்குள் நாலு தடவை நடந்தார். கடைசியில் பொத்தானைத் திருகிக்கொண்டே போய்க் கேட்டுவிட்டு, சீசாவோடு வந்தார்.

அதன் பிறகு அவர் செய்ததை என்னால் தாங்க முடியவில்லை. விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். பயம் வந்தால் அவருக்குப் பேச்சு வரும். எனக்குப் பயம் வந்தால் காது அடைத்துவிடும். அப்படியும் அவர் சொன்னது ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. அந்தக் கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய ஏட்டில் ஒரு அங்குலத்துக்குள் பதினாலாயிரத்துக்கு மேல் கோடுகள் இருக்கின்றனவாம். வைர முனையால் உலோகத்தில் கீறி, அதிலிருந்து அச்சு எடுத்தது. கடலில் மீன் பிடிக்கக் கம்புகளை வரிசையாக நட்டிருக்கும் கேலோங்கை நினைத்துக்கொள்ளச் சொன்னார். அலை வந்து கம்புகளின் சந்துகளில் நுழைந்தால் ஒவ்வொரு சந்திலிருந்தும் புதிதாக அரைவட்டமாக விரியும். பக்கத்து அலையின் மேடும் இதன் மேடும் சேருகிற திசையில் அலை ஓங்கும். மேடும் பள்ளமும் சேருகிற திசையில் தண்ணீர் படுத்துவிடும். ஒளியும் அலைதான். சிவப்பின் அலை நீளம், ஊதாவின் அலை குட்டை, ஆகவே ஒவ்வொரு நிறத்துக்கும் மேடு சேரும் கோணம் வேறு. நீளமானது அதிகம் விலகிப் போகும், குட்டையானது நடுவை ஒட்டி நிற்கும். கோடுகள் நெருங்க நெருங்க நிறங்கள் இன்னும் அகலமாகப் பிரியும். கலந்து கிடக்கும் வெளிச்சத்தை இப்படிப் பிரித்து வரிசையில் நிறுத்துவது ஒன்றுதான் அந்தக் கோடுகளின் வேலை என்றார்.

வரிசையில் நிறுத்திவிட்டால் எந்த நிறம் இல்லை என்று தெரிந்துவிடும், அதுதான் விஷயம் என்றார். இதே சாமானைத் தொலைநோக்கியில் மாட்டி, சூரியனிலும் நட்சத்திரத்திலும் என்னென்ன இருக்கிறது என்று கிட்டப் போகாமலே சொல்கிறார்களாம். உருக்கிய உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது, எந்த நிறத்துக்கு அலை எத்தனை நீளம், எல்லாம் இதில் தெரியுமாம். ரத்தமும் தனக்கு வேண்டிய நிறத்தை விழுங்கும். விழுங்கின இடம் கறுப்புக் கோடாகத் தெரியும். நல்ல ரத்தத்தில் பச்சைப் பக்கமாக இரண்டு கோடுகள். அதில் அம்மோனியம் சல்பைடு என்ற மருந்தை விட்டால் அது ரத்தத்தின் பிராணவாயுவைப் பிடுங்கிவிடும், இரண்டு கோடும் மங்கிக் கலந்து ஒரே அகலக் கோடாகும். புகை பிடித்த ரத்தத்தில் பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. புகை விடாது. இரண்டு கோடும் இரண்டாகவே நிற்கும்.

“ஒண்டெண்டால் அந்தப் பொம்பிளைக்குக் கஷ்டம்,” என்றார். “ரெண்டெண்டால் தப்பிச்சுது.”

ஒத்துப் பார்க்க உயிருள்ளவரின் ரத்தம் வேண்டும். நான் விரலை நீட்டினேன். “உம்மட ரத்தம் வேண்டாம். நீர் காலமை அந்தப் புகையைக் குடிச்சிட்டு வந்திருக்கிறீர்,” என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் விரலிலேயே ஊசியைக் குத்திக்கொண்டார். தன் ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். இரண்டு சோதனைக் குழாய்களில் தண்ணீர் விட்டு, இரண்டிலும் ரத்தத்தை இளஞ்சிவப்பாகக் கரைத்தார். செத்தவரின் குழாய் அடியில் பெருக்கல் குறி போட்ட காகிதத்தை ஒட்டினார். மருந்தை விட்டதும் அறை முழுக்க அழுகின முட்டை நாற்றம். ஜன்னலில் மழை இருட்டாக இருந்ததால் விளக்கை ஏற்றி வைத்தார். பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும் என்றார்.

அந்தப் பத்து நிமிஷம் எனக்கு இன்னும் முடியவில்லை. இடையில் பொறுக்க முடியாமல் பெருக்கல் குறிக் குழாயை விளக்கின் முன் வைத்து அட்டைக் குழாய் வழியே பார்த்தேன். சிவப்பில் தொடங்கி ஊதா வரை நீளவாக்கில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. என் கையிலிருந்து அட்டைக் குழாய் நழுவியது. அவர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். பார்த்தார். அது பிளேடு இடைவெளியில் இருந்த தூசி, தூசி என்றால் கோடு நீளவாக்கில் ஓடும், ரத்தத்தின் கோடு குறுக்கே நிற்கும் என்றார். துடைத்துவிட்டு, இனி நீரும் பார்க்கக் கூடாது, நானும் பார்க்க மாட்டேன் என்றார். “எனக்கும் ரெண்டுதான் வேணும், உமக்கும் ரெண்டுதான் வேணும். வேணுமெண்டு பார்க்கிறவன்ர கண் பொய் சொல்லும்.”

வெளியே தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த மலாய்க்காரத் தோட்டவேலைக்காரரை அழைத்தார். நடுவயதுக்காரர், ரத்தம் என்றோ வழக்கு என்றோ அவருக்கு ஒன்றும் தெரியாது. குறுக்கே எத்தனை கறுப்புக் கோடு தெரிகிறது, அதை மட்டும் சொல்லும்படி மலாயில் கேட்டார். நான் இரண்டு குழாய்களையும் முதுகுக்குப் பின்னால் பலமுறை மாற்றி, எது எது என்று எனக்கே தெரியாமல் தாங்கியில் வைத்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

முதல் குழாய். “சத்து,” என்றார். ஒன்று. அகலமாக, மங்கலாக என்று கையால் காட்டினார்.

இரண்டாவது குழாயை அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். லேப் ஐயா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“டுவா,” என்றார் அவர். இரண்டு.

எது ஒன்று, எது இரண்டு? அதைத்தான் இன்னும் பார்க்கவில்லை. லேப் ஐயா குழாயைத் தூக்கப் போனார், விரல்கள் கேட்கவில்லை. அந்த ஒரு முறைதான் அவர் கை ஆடியதைப் பார்த்தேன். நான் தூக்கினேன். இரண்டு சொன்ன குழாயின் அடியில் பெருக்கல் குறி இருந்தது. என்ன சத்தம் போட்டேனோ, மலாய்க்காரர் பயந்து பின்வாங்கினார். லேப் ஐயா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யார் என்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக.

டாக்டர் தாமே பார்த்தார், மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்தார், புகையால் சாவு என்று எழுதினார். நானும் என் சீட்டு தவறு என்று எழுதிக் கொடுத்தேன். இந்த முறை கையெழுத்து வளையவில்லை. நான் பயந்தபடியே டின்னில் பாஷாணத்தின் மிச்சம் இருந்தது என்று சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. அது மட்டும் தனியாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் தைரியமில்லை. என் வேலை போகவில்லை. புகைவீட்டுக்குப் புதிய திறப்புகள் வைத்தார்கள், யாரும் எதுவும் பேசவில்லை. லயம் லயமாகப் போய் அந்த டின்களை எல்லாம் நானே கடப்பாரையால் குத்தி ஓட்டையாக்கினேன். பெண்கள் என்னைச் சபித்தார்கள். லேப் ஐயா சில வருஷம் கழித்து ஊருக்குப் போய்விட்டார். போகும்போது கண்ணாடியில் பூஞ்சணம் ஏறி ஏடு உரிந்திருந்தது. என் பேரன் இன்று பள்ளிக்கூடத்தில் அதே மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு நிறம் பார்த்துச் சிரிக்கிறான். எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

அவளை விட்டுவிட்டார்கள். திரும்பிவந்து அதே லயத்தில் இருந்துகொண்டு, ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனாள். நான் எதிரே வந்தால் வேறு மர வரிசையில் இறங்கிவிடுவாள். மன்னிப்புக் கேட்க நாலைந்து முறை கிளம்பி, பாதியில் திரும்பியிருக்கிறேன். பெண்ணிடம் போய் டிரெசர் மன்னிப்புக் கேட்பதா என்ற கனம் எங்கோ கொஞ்சம் மிச்சம் இருந்தது. சில மாதம் கழித்து ஒரு காலையில் அவளாகவே வந்தாள். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், கண் சொருகியிருந்தது. வேறு எங்கே போவாள்? தோட்டத்துக்கு நான் ஒருவன்தான். மருந்தைக் கலக்கி அவுன்ஸ் கிளாசில் ஊற்றி நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கிளாசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லாரியில் ஏறிய அன்று பார்த்த அதே பார்வை.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க,” என்றாள். “முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க.”

குடித்தேன். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவின் கசப்பு. அவள் என் தொண்டை இறங்குவதைப் பார்த்தாள், சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு கிளாசை வாங்கிப் பிள்ளைக்குப் புகட்டினாள். பிள்ளை பிழைத்தது. அந்தத் தோட்டத்தில் நான் இருந்த வருஷமெல்லாம் அவள் மருந்துக்கு வந்தால், அவள் கேட்கும் முன்பே முதல் வாயை நான் குடித்துவிடுவேன். வேண்டாம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.